தங்கம் பழுப்பாகவும் இருக்கும்

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பில் உலோகங்கள் பாடம் முடிந்ததும் ஒரு சிறுதேர்வு வைத்தேன். தங்கத்தின் நிறம் பற்றிய வினாவுக்கு ஒரு மாணவி, "கட்டியாக இருந்தால் மஞ்சள், ஆசிட்டில் இருந்து எடுத்தால் பழுப்பு" என்று எழுதியிருந்தாள். இரண்டாவது வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். மறுநாள் அவள் தயங்கித் தயங்கி வந்து, "சார், எங்க அப்பா பட்டறையில நானே பாத்திருக்கேன்" என்றாள். அவளுடைய தந்தை நகைப் பத்தர்.

அன்று மாலை பட்டறைக்குப் போனேன். பீங்கான் கிண்ணத்தின் அடியில் காபித் தூள் போல ஏதோ படிந்திருந்தது. அவர் அதில் ஒரு சிட்டிகை எடுத்து உரைகல்லில் வைத்து அழுத்தித் தேய்த்தார். மஞ்சள் கோடு மின்னியது!

அங்கு நடப்பதை நம் பாட மொழியில் பார்ப்போம். 3 பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 1 பங்கு நைட்ரிக் அமிலமும் சேர்ந்த இராஜதிராவகத்தில் தங்கம் கரைந்து மஞ்சள் கரைசலாகும். பழைய நகையில் தாமிரமும் வெள்ளியும் கலந்திருப்பதால், தாமிரம் கரைசலைப் பச்சையாக்கிவிடும். வெள்ளி, சில்வர் குளோரைடாக வெண்மையாகப் படியும். வெளிச்சம் பட்டால் அதுவும் ஊதா கலந்த சாம்பலாகும்.

வடிகட்டிய கரைசலில் பெர்ரஸ் சல்பேட் சேர்த்தால் தங்கம் ஒடுக்கமடைந்து பழுப்புத் தூளாகப் படியும். நைட்ரிக் அமிலம் மிச்சமிருந்தால் கரைசல் திடீரெனக் கரும்பழுப்பாகும். அது தங்கம் கெட்டதன் அடையாளம் அல்ல. நைட்ரேட்டுக்கு நாம் செய்து காட்டும் பழுப்பு வளையச் சோதனையின் நிறமே அது. தங்கம் முழுதும் படிந்த பின்னும் கரைசல் மஞ்சளாக இருக்கலாம். காரணம், பெர்ரஸ் அயனி பெர்ரிக் அயனியாக மாறியிருப்பது. தங்கம் மிச்சமிருக்கிறதா என்றறிய ஒரு துளி ஸ்டேனஸ் குளோரைடு போதும். இருந்தால் ஊதா நிறம் தோன்றும். இதற்குக் 'காசியஸ் ஊதா' என்று பெயர்.

ஒரே தங்கத்துக்கு ஏன் இத்தனை நிறம்? வழவழப்பான பரப்பில் ஒளி கண்ணாடியில் போலத் திரும்புகிறது. நுண்துகள்களுக்கிடையே அது சிதறி, உட்கவரப்பட்டு மங்குகிறது. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் கறுப்பும் நுண்ணிய வெள்ளித் துகள்கள்தாம். துகள் இன்னும் சிறிதாகிக் கூழ்ம நிலையை அடைந்தால் தங்கம் சிவப்பாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1857-இல் இத்தகைய சிவப்புத் திரவத்தை ஆராய்ந்து, அதில் இருப்பது நுண்ணிய தங்கத் துகள்களே என்று விளக்கினார்.

இராஜதிராவகத்தை வகுப்பறையில் செய்து காட்டவே கூடாது. அதிலிருந்து நச்சு வாயுக்கள் வெளிவரும். அதே கருத்தைத் தாமிரத்தைக் கொண்டு காட்டலாம்.

செயல்பாடு

1. இரண்டு சோதனைக் குழாய்களில் நீர்த்த காப்பர் சல்பேட் கரைசலை எடுத்துக்கொள்ளுங்கள்.
2. ஒன்றில் தேய்த்துச் சுத்தம் செய்த இரும்பு ஆணியையும், மற்றொன்றில் துத்தநாகத் துண்டையும் போடுங்கள்.
3. பார்ப்பதற்கு முன்பே, படியப்போகும் தாமிரத்தின் நிறத்தை மாணவர்கள் ஊகித்து எழுதட்டும்.
4. ஆணியில் செம்பழுப்பும், துத்தநாகத்தில் கறுப்பை ஒட்டிய படிவும் தோன்றும். நீல நிறம் மெல்ல வெளிறும்.
5. கறுத்த படிவைக் கழுவி, எவர்சில்வர் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். செம்பின் நிறம் வெளிப்படும்.

காப்பர் சல்பேட் நச்சுத்தன்மை உடையது. கைகளை நன்கு கழுவச் செய்யுங்கள். மிஞ்சிய கரைசலைச் செடிகளுக்கு ஊற்ற வேண்டாம்.

பின்னர் இவ்வாறு கேட்கலாம்: இரண்டிலும் படிந்தது தாமிரம்தானா? எப்படி உறுதி செய்வாய்? நிறத்தை மட்டும் நம்பி ஒரு பொருளை அடையாளம் காணலாமா?

இந்தச் செயல்பாட்டைச் செய்த நாளில் அந்த மாணவியின் விடைத்தாளை வகுப்பின் முன் வாங்கி, அடித்த வரிக்கு மதிப்பெண் போட்டேன். "தவறு என்னுடையது" என்றும் சொன்னேன். அதன் பிறகு, "எங்க வீட்டுல வேற மாதிரி பாத்திருக்கேன் சார்" என்று சொல்லும் பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள். இப்போதெல்லாம் விடைத்தாளில் எதிர்பாராத வரி ஒன்றைக் கண்டால், அடிப்பதற்கு முன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "இதை எங்கே பார்த்தாய்?" என்று கேட்கிறேன்.