முதல் வரி வராதவருக்கு

கேள்வி: கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிறேன். கட்டுரை எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வருவதில்லை. வந்தாலும், வாக்கியப் பிழை என்று சிவப்பு மையில் சுழிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: எழுதுவது, பிழை திருத்துவது என்ற இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்க்கிறீர்கள், அதுதான் சிக்கல். முதலில் பத்து நிமிடம், பேனாவை நிறுத்தாமல், பிழை பாராமல், தோன்றியதையெல்லாம் எழுதித் தள்ளுங்கள். அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ 1973-இல் வெளிவந்த தம் நூலில் வலியுறுத்திய பயிற்சி இது. தலைப்பு 'எங்கள் ஊர் ஏரி' என்றால் ஆகாயத்தாமரை, மீன் ஏலம், மதகில் குளித்தது, ஆக்கிரமிப்புத் தகராறு என எதுவும் வரட்டும். அதில் உங்களை உறுத்துகிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி முழுவதையும் எழுதினால் பள்ளிக்கூடக் கட்டுரை ஆகிவிடும்.

இலக்கணம் அப்புறம். தமிழில் பயனிலை கடைசியில் நிற்பதால், வாக்கியம் நீண்டால் எழுவாய் மறந்துபோகும். 'ஏரியில் கொட்டப்படும் குப்பைகள் மழைக்காலத்தில் மதகை அடைத்துக்கொள்கிறது' என்று எழுதிவிடுவோம். 'குப்பைகள்' என்று தொடங்கினால் 'அடைத்துக்கொள்கின்றன' என்றே முடிய வேண்டும். 'ஒவ்வொரு வீடுகளிலும்' தவறு. 'ஒவ்வொரு வீட்டிலும்' சரி. சந்திப் பிழைக்கு இப்போதே அஞ்சாதீர்கள். அதில் புலவர்களே சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.