லாக் புக்கில் திருத்தம் வந்தால்: சாரணர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவைக் கூட்டிச் சுத்தம் செய்யச் சொன்னால் சாரணப் பிள்ளைகள் உற்சாகமாக இறங்கிவிடுவார்கள். செய்ததை எழுதிக் கொடுத்த லாக் புக் திருத்தங்களோடு திரும்பி வரும்போதுதான் முகம் வாடிவிடுகிறது. திரிதிய சோபான் நிலையை முடித்து, ஆளுநர் விருதான ராஜ்ய புரஸ்காருக்குத் தயாராகிறவர்கள் இதில் சோர்ந்துபோகக் கூடாது.

செய்ய வேண்டியவை

• குறிப்புகளை முழுதும் படியுங்கள். புரியாததை அன்றே கேட்டுவிடுங்கள்: "சார், இந்த இடத்துல என்ன குறையுது?"

• எழுத்துப் பிழை, விடுபட்ட தேதி போன்றவற்றை ஒரே மாலையில் முடித்துவிடலாம். வேலையைப் பற்றிய கேள்வி அப்படியல்ல. "நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன?" என்று சாரண ஆசிரியர் கேட்டிருந்தால், போய் எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பட்டுப்போனவற்றையும் சேர்த்து எழுதுங்கள். ஆடு மேய்ந்ததா, தண்ணீர் ஊற்ற ஆளில்லையா? அடுத்து நடப்போகும் அணிக்கு உங்கள் புத்தகத்தில் மிகவும் பயன்படுவது அந்தப் பக்கம்தான்.

• "யாரிடம் அனுமதி பெற்றீர்கள்?" என்ற கேள்விக்குத் தனி மதிப்பு கொடுங்கள். விடியலில் பாவு நீட்டும் தெருவில் எந்த நேரத்தில் வேலை செய்யலாம் என்பதை நெசவாளர்களிடம்தான் கேட்க வேண்டும். கைலாசநாதர் கோயில் இன்னும் கவனமான இடம். 8ஆம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய மணற்கல் கோயில் அது. சுவர்களில் பல்லவர் கால ஓவியங்களின் மிச்சம் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் போனது போனதுதான். இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதியில்லாமல் அங்கே எதையும் தொடக்கூடாது. அமெரிக்கச் சாரணர்களின் ஈகிள் விருதிலும், திட்டத்துக்கு எழுத்தில் ஒப்புதல் கிடைத்த பிறகே வேலையைத் தொடங்க முடியும். உங்கள் திட்டத்தைக் காகிதத்திலேயே ஆசிரியர் நிறுத்திவிட்டால் அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

• ஒரு திருத்தம் சரியில்லை என்று தோன்றினால் ஆதாரத்தோடு, மரியாதையாக, தனியே சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

• நடக்காத நாளை நடந்ததாக எழுதாதீர்கள். படம் குறைகிறது என்பதற்காகச் சுத்தமான தெருவில் துடைப்பத்தோடு நின்று புதிதாக எடுக்காதீர்கள். படம் இல்லையென்றால் "இல்லை" என்றே எழுதலாம். யாருடைய கையெழுத்தையும் நீங்கள் போடாதீர்கள். சாரணர் நம்பத்தகுந்தவர் என்பதுதான் சாரண விதிகளில் முதலாவது.

• அக்காவிடமோ அப்பாவிடமோ கொடுத்து அழகாக எழுதி வாங்காதீர்கள். தேர்வு முகாமில் கேள்விக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள்.

• திருத்தம் பட்ட பக்கத்தைக் கிழிக்காதீர்கள்.

• "சார் வேணும்னே பண்றாரு" என்று அணிக்குள் பேசித் திரியாதீர்கள்.

சாரண ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "சரியில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எது குறைகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். அதையும் முகாமுக்கு முந்தின நாள் இல்லாமல், பிள்ளை திரும்பப் போய்ப் பார்த்து எழுத அவகாசம் இருக்கும்போதே கொடுங்கள்.