பாதியில் நின்ற டேபிள் காப்பி

என் மைத்துனர் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். பில் போடும் கம்ப்யூட்டரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடுகிறது. "மாமா, இந்த ஹார்ட் டிஸ்க் போயிட்டா அஞ்சு வருஷக் கணக்கும் போயிடுமே, ஏதாவது பண்ணுங்க" என்றார். மாடியில் இருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு பில் விவரங்கள் தானாகவே போய்ச் சேரும்படி லாஜிகல் ரெப்ளிகேஷன் அமைத்துக் கொடுத்தேன். அந்த இரண்டு வார அனுபவம்தான் இம்மாதப் பாடம்.

போஸ்ட்கிரெஸில் இந்த வசதி 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. கடைக் கம்ப்யூட்டரில் வால் லெவல் என்ற செட்டிங்கை லாஜிகல் என்று மாற்றி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, கிரியேட் பப்ளிகேஷன் கட்டளை தர வேண்டும். மாடிக் கம்ப்யூட்டரில் அதே டேபிள்களைக் காலியாக உருவாக்கிவிட்டு கிரியேட் சப்ஸ்கிரிப்ஷன் தர வேண்டும். (கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் டைப் செய்ய வேண்டும். கீழே வரும் இரண்டு, மூன்று சொல் பெயர்களில் சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர் வரும்.)

உடனே ஒவ்வொரு டேபிளுக்கும் தனியாக ஒரு வொர்க்கர் கிளம்பும். ஒரே சமயத்தில் இரண்டு வரை என்பது டீஃபால்ட். அது முதலில் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்லாட் போடும். ஸ்லாட் என்பது புத்தகத்தில் வைக்கும் அடையாளச் சீட்டு மாதிரி. "இதுவரை வாங்கிக்கொண்டேன், இதற்குப் பிந்திய வால் ஃபைல்களை அழிக்காதே" என்று சொல்வதே அதன் வேலை. வால் என்றதும் குரங்கு வால் என்று நினைக்க வேண்டாம். டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் முதலில் எழுதப்படும் லாக் அது, 16 எம்பி துண்டுகளாகச் சேரும். ஸ்லாட் போட்ட நொடியில் டேபிள் எப்படி இருந்ததோ அப்படியே முழுக்கக் காப்பி ஆகும். பிறகு இடையில் நடந்த மாற்றங்களை லாகிலிருந்து வாங்கி ஈடுகட்டும்.

வாடிக்கையாளர், சரக்கு போன்ற சின்ன டேபிள்கள் ஒரு நிமிடத்தில் முடிந்தன. பில் வரிகள் டேபிள் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. கடையில் யுபிஎஸ் உண்டு, மாடியில் இல்லை!

கரண்ட் வந்ததும் மாடியில் எண்ணிப் பார்த்தால் அந்த டேபிளில் 0 ரெக்கார்டு. எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் அதுதான் சரி. காப்பி முழுவதும் ஒரே டிரான்ஸாக்ஷனில் நடப்பதால் பாதியில் நின்றால் எதுவும் கணக்கில் வராது. (டிஸ்க்கில் மட்டும் ஃபைல் பெரிதாகக் கிடக்கும். வேக்கம் கட்டளை தந்தால் அந்த இடம் மறுபடி பயன்படும்.)

பிஜி சப்ஸ்கிரிப்ஷன் ரெல் என்ற சிஸ்டம் டேபிளைப் பாருங்கள். ஒவ்வொரு டேபிளுக்கும் ஓர் எழுத்து இருக்கும். 'ஐ' என்றால் இன்னும் தொடங்கவில்லை. 'டி' என்றால் காப்பி நடக்கிறது. 'எஃப்' என்றால் காப்பி முடிந்தது, ஈடுகட்டுவது பாக்கி. 'எஸ்' என்றால் ஈடுகட்டியாயிற்று, 'ஆர்' என்றால் வழக்கமான ஓட்டம். எனக்கு 'டி' என்று வந்தது. புதிய வொர்க்கர் 'டி'யைப் பார்த்ததும், கடைக் கம்ப்யூட்டரில் பழைய ஸ்லாட் மிச்சம் இருந்தால் அதை நீக்கிவிட்டு, புதிதாக ஒன்று போட்டு, காப்பியை முதலிலிருந்து தொடங்குகிறது. விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை, ஏனென்றால் அந்தப் பழைய நொடியின் தோற்றம் இப்போது இல்லை.

'எஃப்' நிலையில் கரண்ட் போயிருந்தால் கதை வேறு. 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து, காப்பி முடிந்ததும் அது தனியாக கமிட் ஆகிவிடும். ஸ்லாட்டும் நிரந்தரமானது. எதுவரை வாங்கினோம் என்பதும் மாடியிலேயே பதிவாகியிருக்கும். எனவே பாக்கி மாற்றங்களை மட்டும் வாங்கினால் போதும். அதற்கு முந்திய பதிப்புகளில் கடைசிப் படியில் எரர் வந்தாலும் முழுக் காப்பியும் மறுபடி ஓட வேண்டும். பெரிய டேபிள் வைத்திருப்பவர்கள் பழைய பதிப்பிலேயே இருக்காதீர்கள்.

இதுவரை எல்லாம் தானாக நடந்தது. இனி நான் செய்த தவறு. மறு காப்பி ஓடிக்கொண்டிருந்தபோதே, மாடிக் கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி மாற்றலாம் என்று அதை ஃபார்மட் செய்துவிட்டேன். புது டிஸ்க் வர இரண்டு வாரம் ஆனது. நிரந்தர ஸ்லாட் கடைக் கம்ப்யூட்டரில் அல்லவா இருக்கிறது? வாங்க ஆளில்லாமல் அது லாகைப் பிடித்துக்கொண்டே இருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை, கடையில் கூட்டம் நிற்கும்போது, டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றது. பில் போட முடியவில்லை. மைத்துனர் கையால் பில் எழுதினார், என்னிடம் பேசவில்லை.

பிஜி வால் ஃபோல்டரில் 180-க்கும் மேல் ஃபைல்கள். அவற்றைக் கையால் டெலிட் செய்யவே கூடாது, டேட்டாபேஸ் மறுபடி எழாமல் போகலாம். வேறு ஃபைல்களைப் பென் டிரைவுக்கு மாற்றி இடம் செய்து, சர்வீஸைத் தொடங்கினேன். பிஜி ரெப்ளிகேஷன் ஸ்லாட்ஸ் வியூவில் ஆக்டிவ் என்பது ஃபால்ஸாக இரண்டு ஸ்லாட்கள் தெரிந்தன. ஒன்று சப்ஸ்கிரிப்ஷன் பெயரில், மற்றது பிஜி என்று தொடங்கி நடுவில் சிங்க் என்ற சொல்லுடன். பிஜி டிராப் ரெப்ளிகேஷன் ஸ்லாட் ஃபங்ஷனால் இரண்டையும் நீக்கி, செக்பாயின்ட் கட்டளை தந்ததும் ஃபைல்கள் குறைந்தன.

முறையாகச் செய்வது எப்படி? மாடிக் கம்ப்யூட்டரைத் தொடும் முன் அங்கே டிராப் சப்ஸ்கிரிப்ஷன் தந்தால், அதுவே கடையோடு பேசி, முடியாத டேபிள்களின் ஸ்லாட்கள் உட்பட நீக்கிவிடும். அந்த நேரத்தில் கடைக் கம்ப்யூட்டர் கிடைக்காவிட்டால், சப்ஸ்கிரிப்ஷனை டிஸேபிள் செய்து, ஸ்லாட் நேம் என்பதை நன் ஆக்கி, பிறகு டிராப் செய்யுங்கள். ஆனால் கடை திரும்ப எழுந்ததும் மிச்ச ஸ்லாட்களை நீங்கள்தான் அங்கே போய் நீக்க வேண்டும். இன்னொன்று: டிராப் செய்தாலும் வந்து சேர்ந்த ரெக்கார்டுகள் மாடியில் அப்படியே இருக்கும். டிரன்கேட் செய்யாமல் மறுபடி சப்ஸ்கிரிப்ஷன் போட்டால், பிரைமரி கீ மோதி எரர் வரும், வொர்க்கர் திரும்பத் திரும்ப முயன்று தோற்கும்.

2020-இல் வந்த 13-ஆம் பதிப்பு முதல் மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ் என்ற செட்டிங் இருக்கிறது. டீஃபால்ட்டில் இதற்கு வரம்பே இல்லை. கடைக் கம்ப்யூட்டரில் 1 ஜிபி என்று வைத்துவிட்டேன். அதைத் தாண்டினால் ஸ்லாட் செல்லாததாகிவிடும், மாடிக் காப்பியை முதலிலிருந்து எடுக்க வேண்டும். அது பரவாயில்லை, பில் போடுவது நிற்காது. மாடிக்கு ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கியாயிற்று, என் செலவில்.