தரவுத்தளத்துக்குத் தனி சர்வர்

தம்பி, தங்கைகளே! உறுப்பினர் பதிவுக்கு ஒரு செயலி செய்கிறீர்களா? செயலியும் தரவுத்தளமும் ஒரே சர்வரில் இருந்தால், அந்த சர்வருக்குள் புகுந்தவன் தரவுக் கோப்புகளையும் அள்ளிட்டுப் போயிடுவான். அதனால்தான் தரவுத்தளத்தைத் தனி சர்வரில் வைக்கிறார்கள்.

ஆனா, பிரிச்சு வச்சா மட்டும் போதாது. இன்னும் மூன்று வேலை இருக்கு:

1. மைஎஸ்கியூஎல் வழக்கமாக 3306-ஆம் போர்ட்டில் இயங்கும். அதை இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். ஃபயர்வாலில் செயலி சர்வரின் ஐபி முகவரியை மட்டும் அனுமதியுங்கள்.

2. செயலிக்கு ‘ரூட்’ கணக்கு கொடுக்காதீர்கள். தேவையான அட்டவணைகளுக்கு மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு போதும்.

3. இரு சர்வர்களுக்கும் இடையிலான இணைப்பில் டிஎல்எஸ் பயன்படுத்துங்கள்.

கடவுச்சொல் கசிந்தால் மாத்திக்கலாம். அடையாள அட்டை எண்ணை அப்படி மாத்த முடியுமா? நம்பிக் கொடுத்தவங்களை நினைச்சு, இன்றே சரிபாருங்கள்.