கடை வைஃபையில் யார் பற்று?

தெரிந்த முகமாகவே இருந்தாலும் கடனுக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு கொடுத்தால், பற்றுப் புத்தகத்தில் பெயரும் தேதியும் எழுதிக்கொள்கிறோம். ஆனால் "அண்ணே, வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டவுடன் வாய்மொழியாகச் சொல்லிவிடுகிறோம். கடைக்குள் சிக்னல் கிடைக்காமல் வாடிக்கையாளர் பணம் அனுப்பத் தடுமாறும்போது கொடுக்காமல் இருக்கவும் முடியாது. கொடுப்பதில் தவறில்லை. பற்று யார் பெயரில் ஏறுகிறது என்பதை நாம் பார்ப்பதில்லை.

உங்கள் ரௌட்டர் வழியாகப் போகும் அத்தனை போன்களும் வெளியுலகுக்கு ஒரே ஐ.பி. முகவரியாகத்தான் தெரியும். அந்த இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. எனவே, விசாரணை வந்தால் முதலில் வருவது உங்கள் கடைக்கே.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் குண்டுகள் வெடித்தபோது, அதற்குப் பொறுப்பேற்று வந்த மின்னஞ்சலின் முகவரி நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீட்டைக் காட்டியது. போலீசார் அவருடைய கணினிகளை எடுத்துச்சென்று விசாரித்தனர். பாதுகாப்பில்லாத அவரது வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் டில்லி குண்டுவெடிப்பின்போது வந்த மின்னஞ்சல் செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. இதன் பிறகே, 2009 பிப்ரவரியில், பொது இடத்து வைஃபையில் பயனாளரை அடையாளம் கண்டே இணைப்புத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை அறிவுறுத்தியது.

சரி, முறையான கணக்கு எப்படி எழுதப்படுகிறது? வாடிக்கையாளர் இணைந்தவுடன் ஒரு பக்கம் திறக்கும். செல்போன் எண்ணைக் கொடுத்து, வரும் ஓ.டி.பி.யைப் போட வேண்டும். ரௌட்டர் அதைத் தானே முடிவு செய்யாமல், 'ரேடியஸ்' எனப்படும் சர்வரிடம் "இவரை விடலாமா?" என்று கேட்கும். சர்வர் சம்மதித்தால் ஒரு செஷன் தொடங்கும். செஷன் என்பது ஒரு தனிப்பற்று. அதற்கு ஓர் எண், தொடங்கிய நேரம், போனின் மேக் முகவரி, அதற்குக் கொடுத்த ஐ.பி. முகவரி ஆகியவை பதிவாகும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை, இவ்வளவு டேட்டா போயிற்று என்ற இடைக்கணக்கும் போகும். முடிவில் பற்று மூடப்படும்.

மூடுவதில்தான் சிக்கல். சொல்லிவிட்டுப் போகிற வாடிக்கையாளர் கிடையாது. பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். ஆகவே சாதனம் அவ்வப்போது "இருக்கிறாயா?" என்று போனைத் தட்டிப் பார்க்கும், குறிப்பிட்ட நேரம் பதில் இல்லையென்றால் கணக்கை முடிக்கும். கரண்ட் போனால் ரௌட்டரின் நினைவிலிருந்த செஷன்கள் அத்தனையும் அழியும். திரும்ப உயிர் வந்ததும் "நான் இப்போதுதான் எழுந்தேன், பழைய பற்றுகளை மூடு" என்று அது சர்வருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த வசதியைப் போட்டிருக்கிறதா என்று டெக்னீஷியனைக் கேளுங்கள். இல்லாவிட்டால் காலையில் போனவர் இரவுவரை உங்கள் கடையில் இருந்ததாகக் கணக்குக் காட்டும்.

சிதம்பரம் கோயிலுக்குப் போகிறவர்களுக்குச் செருப்பு டோக்கன் தெரியும். 14ஆம் எண் காலையில் ஒருவரிடம், மாலையில் இன்னொருவரிடம். கடைக்குள் கொடுக்கப்படும் ஐ.பி. முகவரியும் அப்படித்தான், நேரம் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் பயனில்லை. ஆனித் திருமஞ்சனத் தேரன்று தெற்கு வீதிக் கடை ஒன்றில் அந்த ஒரே எண் எத்தனை கை மாறும் என்று எண்ணிப் பாருங்கள்.

நேரத்திலும் ஒரு கண்ணி உண்டு. வெளியூர் சர்வர்களின் பதிவு பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. பதிவில் 13.05 என்றிருந்தால் நமக்கு மாலை 6.35. அதை மதியம் 1.05 என்று எடுத்துக்கொண்டு உங்கள் ஏட்டைப் புரட்டினால், சாப்பாட்டு வேளையில் எண்ணெய் வாங்க வந்த ஒரு பாவப்பட்டவரின் பெயர் கிடைக்கும். 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட செர்ட்-இன் உத்தரவு, சேவை தருவோரும் நிறுவனங்களும் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும், கருவிகளின் கடிகாரத்தை அரசின் நேர சர்வரோடு இணைக்கவும் கூறுவது இதனால்தான்.

போனின் மேக் முகவரி வண்டி நம்பர் போன்றது என்று முன்பு சொல்வார்கள். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், போன்கள் வைஃபைக்கு வைஃபை வேறு நம்பர் பலகை மாட்டிக்கொள்கின்றன. அதை மட்டும் நம்பி ஆளைச் சொல்ல முடியாது, ஓ.டி.பி. அவசியம்.

இவ்வளவையும் நாமே செய்ய வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வாணி திட்டத்தில் மளிகைக் கடை, டீக்கடை யாரும் உரிமமோ பதிவோ கட்டணமோ இன்றி வைஃபை கொடுக்கலாம். அனுமதியும் கணக்கும் பதிவு பெற்ற தொகுப்பாளர் நிறுவனத்தின் வேலை. அவரோடு சேருமுன், பதிவு எத்தனை நாள் இருக்கும், கேட்டால் எத்தனை மணி நேரத்தில் தருவார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எதுவும் வேண்டாம் என்பவர், வாடிக்கையாளர் வைஃபையையாவது பில் போடும் கம்ப்யூட்டரும் கேமராவும் இருக்கும் லைனிலிருந்து பிரித்துவிட வேண்டும். இன்னொன்று: வைஃபைக்காக வாங்கிய செல்போன் எண்ணுக்கு ஆடித் தள்ளுபடிச் செய்தி அனுப்ப ஆசை வரும். அந்த எண்ணை வாங்கிய காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதே 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் போக்கு. தள்ளுபடிக்குத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.