மேய்க்கால் புறம்போக்கில் தனியார் வேலி: ஊருக்கு உரிமை உண்டா?

கேள்வி: எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள நிலத்தை நாங்கள் தலைமுறை தலைமுறையாக ‘மந்தைவெளி’ என்றுதான் சொல்கிறோம். ஊர் ஆடு மாடுகள் எல்லாம் அங்கேதான் மேயும். அதில் சுமார் 3 ஏக்கரை ஒருவர் கம்பிவேலி போட்டு அடைத்துச் சவுக்கு வைத்துவிட்டார். கேட்டால், “20 வருஷமா பி மெமோ கட்டுறேன், இது என் அனுபவம்” என்கிறார். வி.ஏ.ஓ.விடம் போனோம். “ரிக்கார்டுல மந்தைவெளின்னு எதுவும் இல்ல, மேய்க்கால் புறம்போக்குன்னுதான் இருக்கு” என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெயர் வேறாக இருப்பதால் எங்கள் உரிமை போய்விடுமா?
– கால்நடை வளர்ப்போர் சார்பில் ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: போகாது. வி.ஏ.ஓ. சொன்ன பதிலே உங்களுக்குச் சாதகமானதுதான்.

ஊர் மாடுகள் காலையில் ஒன்றுகூடும், அடைபடும் இடம் மந்தைவெளி. அவை மேயப் போகும் நிலம் மேய்க்கால். பல ஊர்களில் இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் மக்கள் பேச்சில் ஒரே பெயராகிவிட்டது. நிலவரித் திட்டத்தின்போது அளந்தவர்கள் பயன்பாட்டைப் பார்த்துத் தனித்தனியாக எழுதினார்கள். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 134-ஆவது பிரிவு, மேய்ச்சல் நிலம், மாடுகள் நிற்கும் இடம், களம், சுடுகாடு, இடுகாடு, தோப்பு போன்ற புறம்போக்குகளைக் கிராம ஊராட்சியின் வசம் ஒப்படைத்து, அவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தையும் தந்திருக்கிறது. ஆக, உங்கள் நிலத்தை மந்தைவெளி என்றாலும் மேய்க்கால் என்றாலும் அது அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகிறது.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு சொற்களுக்கு. ‘தரிசு’ என்று பதிவாகியிருந்தால் அரசு அதை நிலமற்றவர்களுக்கு ஒப்படை செய்ய வழி உண்டு. ‘நத்தம்’ என்று இருந்தால் அது குடியிருப்புக்கான இடம், சட்டநிலையே வேறு. அதனால் வாய்வார்த்தையை நம்பாமல், நில வகைப்பாடு எழுதப்பட்டிருக்கும் ‘அ’ பதிவேட்டின் நகலைக் கையில் வாங்குங்கள். தமிழ்நாடு அரசின் இணையவழிச் சேவையிலும் சர்வே எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். வழக்குக்குச் சான்றிட்ட நகல்தான் உதவும். கூடவே புல வரைபடமும் கிராம வரைபடமும் வேண்டும். வேலி எந்த சர்வே எண்ணுக்குள் நிற்கிறது என்பதே தெரியாமல் மனு எழுதிக்கொண்டு வருபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். எதிர்த்தரப்பு முதலில் அந்த ஓட்டையைத்தான் பிடிக்கும்.

இனி அந்த பி மெமோ. இதைப் பற்றி ஊர்ப்புறங்களில் பரவியிருக்கும் தவறான நம்பிக்கையால் எத்தனையோ ஊர்கள் தங்கள் நிலத்தைப் பேசாமல் விட்டுக்கொடுத்திருக்கின்றன. பி மெமோ என்பது ‘இவர் அரசு நிலத்தை ஆக்கிரமித்திருக்கிறார்’ என்று வருவாய்த் துறை எழுதிவைக்கும் குறிப்பு. அவர் கட்டிய பணம் அபராதம், கிஸ்தி அல்ல. ஒவ்வொரு முறை அதைக் கட்டும்போதும் நிலம் தன்னுடையது அல்ல என்று அவரே ஒப்புக்கொள்கிறார். எதிரிடை அனுபவ பாத்தியம் கேட்பவர், உரிமையாளருக்கு எதிராக, தன் சொத்தாகவே அனுபவித்ததை நிரூபிக்க வேண்டும். அரசு நிலத்துக்கு அந்தக் காலவரம்பு 30 ஆண்டு. 20 ஆண்டு ரசீதை வைத்துக்கொண்டு அவர் இரண்டு வகையிலும் தோற்கிறார்.

உச்ச நீதிமன்றம் 28.01.2011 அன்று ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் தந்த தீர்ப்பை உங்கள் மனுவில் அவசியம் குறிப்பிடுங்கள். பாட்டியாலா மாவட்டத்துக் கிராமக் குளம் ஒன்றை ஆக்கிரமித்தது பற்றிய வழக்கு அது. ஆனால் தீர்ப்பில் தென்னிந்தியாவின் ‘மந்தவெளி’, ‘புறம்போக்கு’ இரண்டும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளன. நீண்ட கால ஆக்கிரமிப்போ, செய்த பெருஞ்செலவோ, அரசியல் செல்வாக்கோ வரன்முறைப்படுத்தக் காரணம் ஆகாது என்றும், எல்லா மாநிலங்களும் பொதுநிலத்தை மீட்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. நிலமற்ற தொழிலாளர்களுக்கோ பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கோ அரசு ஆணைப்படி குத்தகை தந்த இடம், ஏற்கெனவே பள்ளி, மருந்தகம் போன்ற பொதுப்பயன்பாடு உள்ள இடம் இவற்றுக்கு மட்டும் விலக்கு. சவுக்குத் தோப்பு அதில் வராது.

வட்டாட்சியருக்கு மனுக் கொடுங்கள். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி 7-ஆவது பிரிவில் விளக்கம் கேட்டு அறிவிப்பு, பிறகு 6-ஆவது பிரிவில் வெளியேற்ற உத்தரவு என்பதுதான் முறை. அறிவிப்பைத் தாண்டிக் குதித்தால் உயர் நீதிமன்றத்தில் ஆக்கிரமித்தவர் எளிதாகத் தடை வாங்கிவிடுவார். அதனால் அதிகாரிகள் முறையாகச் செய்கிறார்களா என்று நீங்களே கவனியுங்கள். அடுத்த கிராம சபையில் தீர்மானம் போட்டு அதன் நகலையும் மனுவோடு சேருங்கள். நிலம் ஊராட்சி வசம் இருப்பதால் அந்தத் தீர்மானத்துக்கு எடை உண்டு. மனு கிடப்பில் போடப்பட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்து, குறிப்பிட்ட காலத்துக்குள் நடவடிக்கை எடுக்க உத்தரவு கேட்கலாம்.

அவர் திடீரென்று பட்டா ஒன்றை நீட்டினால் மலைக்காதீர்கள். வகைப்பாடு மாற்ற ஆணையின் எண், தேதி என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். யு.டி.ஆர். எனப்படும் நிலப் பதிவேடு புதுப்பிப்பின்போது தவறாகப் பெயர் ஏறியிருந்தால், அதற்கு முந்தைய பதிவேட்டை வைத்து மாவட்ட வருவாய் அலுவலரிடம் திருத்தம் கோரலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஆத்திரத்தில் ஊர் கூடி வேலியைப் பிடுங்கவோ மரத்தை வெட்டவோ வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் இளைஞர்கள்மீது குற்ற வழக்கு விழும். அதைத் திரும்பப் பெறுவதற்காகவே ஊர் சமரசத்துக்கு இறங்கி நிலத்தை விட்டுக்கொடுத்த கதை உண்டு. வேலிக்கு முன்னும் பின்னும் தேதியோடு படம் எடுங்கள். அங்கே ஆடு மேய்த்த முதியவர்கள் யார் யார் சாட்சி சொல்வார்கள் என்று இப்போதே எழுதிவையுங்கள்.