உள்ளூர் வியாபாரிக்கு முன்னுரிமை: அது விலையில் எத்தனை வீதம்?

கேள்விமனுவில் "உள்ளூர் வியாபாரிகளுக்கு முன்னுரிமை" என்று ஒரு வரி இருந்தால், ஓடர் நமக்குத்தான் என்று சிலர் எண்ணிவிடுகின்றனர். அந்த வரியைக் கணக்காக மாற்றிப் பார்க்காமல் விலை எழுதினால் ஓடர் கைநழுவும். அல்லது கிடைத்தும் நட்டம் வரும். இதனை விளங்கிக்கொள்ள தென்னாபிரிக்க உள்ளூராட்சி மன்றங்களின் முறை நல்ல உதாரணமாகும். அங்கே முன்னுரிமை வெறும் வார்த்தையல்ல, அதற்குப் புள்ளி உண்டு.

புள்ளிகள் எவ்வாறு?

2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகளின்படி, 30,000 ரான்ட் முதல் 50 மில்லியன் ரான்ட் வரையான கொள்வனவில் விலைக்கு 80 புள்ளி, விசேட நோக்கங்களுக்கு 20 புள்ளி. அதற்கு மேற்பட்டவற்றில் இது 90, 10 ஆகும். சிறு தொழில், உள்ளூர் தொழில், முன்னர் ஒடுக்கப்பட்டோரின் தொழில் என எதற்கு எத்தனை புள்ளி என்பது கேள்விமனுவிலேயே குறிப்பிடப்பட வேண்டும். (2024இல் அந்நாடு புதிய கொள்வனவுச் சட்டமொன்றையும் இயற்றியது.)

ஆகக் குறைந்த விலைக்கு முழு 80 புள்ளி கிடைக்கும். அதைவிட விலை எத்தனை வீதம் கூடுகிறதோ, அந்த 80இல் அத்தனை வீதம் குறையும்.

ஓர் உதாரணம்

பாடசாலைத் தளபாடத்துக்கு வெளியூர் நிறுவனம் 500,000 ரான்ட் கேட்கிறது. அதற்கு 80 புள்ளி. உள்ளூர்க் கடைக்கு 5 முன்னுரிமைப் புள்ளி உண்டு என வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 550,000 எழுதினால் விலைக்கு 72, மொத்தம் 77, தோல்வி. 530,000 எழுதினால் விலைக்கு 75.2, மொத்தம் 80.2, வெற்றி.

சூத்திரம் எளிது. முன்னுரிமைப் புள்ளியை 80ஆல் வகுத்தால் விலையில் உள்ள இடைவெளி தெரியும். 5 புள்ளி என்பது 6.25 வீதம். முழு 20 புள்ளி என்பது 25 வீதம். போட்டிக்கு வருபவரும் உள்ளூர்க்காரரே என்றால் இருவருக்கும் அதே 5 புள்ளி. அப்போது விலைதான் தீர்மானிக்கும்.

கவனிக்க வேண்டியவை

ஒன்று: அத்தாட்சிப் பத்திரங்களை மனுவுடன் இணைக்காவிட்டால் முன்னுரிமைப் புள்ளி கோரப்படவில்லை என்றே கொள்ளப்படும்.

இரண்டு: அங்குள்ள 2003ஆம் ஆண்டு மாநகர நிதிச் சட்டம், பட்டியல் கிடைத்து 30 நாட்களுக்குள் பணம் செலுத்தப்பட வேண்டும் என்கிறது. ஆயினும் மன்றங்கள் பிந்துவதுண்டு. 6 வீத இடைவெளியை நம்பி எழுதிய விலையில், கடனுக்கு வாங்கிய சரக்கின் செலவு சேர்ந்தால் மிச்சம் எங்கே?

எனவே எந்த மன்றத்துக்கு விலை எழுதினாலும் மூன்றைக் கேட்டறியுங்கள்: முன்னுரிமை எத்தனை வீதம், அத்தாட்சி எது, பணம் எப்போது. இவற்றுக்கு விடை தெரிந்த பின்னரே பேனையை எடுங்கள்.